ஒன்பதாவது நிபந்தனை

கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது, தணிக்கையில் ஆட்சேபணை வராமல் கோப்பு எழுதுவது எப்படி என்பதை. அது அரை மணி நேரப் பாடம். முப்பத்தொரு வருடங்களில் என் கோப்புகளில் தணிக்கையாளர்கள் சிவப்பு மையால் கோடு போட்ட இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று நான் சொல்லப்போவது தணிக்கையில் ஒரு கோடுகூட விழாத கோப்பைப் பற்றி. நான் எழுதியவற்றிலேயே மிக மோசமானது அதுதான்.

முதலில் நம் தொழிலின் ஒரு வித்தையைச் சொல்லிவிடுகிறேன். விதிப்புத்தகத்தில் அது கிடையாது. ஆனால் விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவனுக்குத்தான் அது கைவரும். ஒரு கம்பெனியை வேண்டாம் என்று நாம் எழுதக் கூடாது. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். சில சமயம் வக்கீல் கேட்பார். அதற்குப் பதிலாக, விலைப்புள்ளி கேட்கும்போதே, வேண்டாதவர் தானாக வெளியே நிற்கும்படி ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட வேண்டும்.

எங்கள் கல்லூரிக்கு இரும்பு பீரோ கொடுத்துவந்த ஒருவர் இருந்தார். அவருடைய பீரோக்கள் வெயில் காலத்தில் மூடும், மழைக்காலத்தில் மூடாது. ஆனால் அவர் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய மனிதருக்குச் சம்பந்தி. அவர் செய்யும் பீரோக்களில் பூட்டு எப்போதும் வலக்கதவில் இருப்பதைக் கவனித்தேன். "பூட்டு இடக்கதவில் அமைந்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் போய்விட்டார். ஆனால் அந்த வரி போகவில்லை. எனக்குப் பின் வந்தவர்களும் பழைய நிபந்தனைகளைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். இன்றும் அந்தக் கல்லூரியில் பீரோ திறப்பவர்கள் முதலில் தவறான கதவைத்தான் இழுக்கிறார்கள். ஏன் என்று கோப்பில் தேடினால் கிடைக்காது.

அதை நான் ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். திறமையாக எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில், திருநகரைத் தாண்டி இருந்த எங்கள் பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு தொடங்கினோம். தொடங்கினோம் என்றால், நாற்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு, அதன்பின் பல்கலைக்கழகத்திடம் இணைப்பு அனுமதி கேட்டோம். அன்றைய வழக்கம் அது. ஆய்வுக்குழு வரும்போது மெஷினும் இருக்க வேண்டும், அதைச் சொல்லிக் கொடுக்க ஆளும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நாற்பது பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெரும்பாலும் மேற்கே கிராமங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். ஒருமுறை வீட்டுக்குத் திரும்பினால் அடுத்து அவர்களிடமிருந்து வருவது கல்யாணப் பத்திரிகையாகத்தான் இருக்கும்.

ஆளாகக் கிடைத்தவர் ருக்மணி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துத் தமிழ்க் குடும்பம். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் நான்காம் தலைமுறை. படிக்க மதுரைக்கு வந்தவர், திருப்பரங்குன்றத்தில் ஒரு பள்ளி ஆசிரியரை மணந்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவிலும் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. நேர்காணலில் எங்கள் செயலர் கேள்வி கேட்க, அலுவலக சூப்பிரண்டான நான் குறிப்பெடுத்தேன். செயலர், செக்கானூரணிப் பக்கம் நிலபுலன் உள்ளவர். ஊருக்குள் உரக்கடை வைத்திருந்தார். வாக்குக் கொடுப்பதில் தாராளமானவர்.

"ஒங்களுக்கு எதுவும் கேக்கணுமாம்மா?"

"ஒரே ஒரு கண்டிசன் சார். என்ன மெசினு வேணாலும் வாங்குங்க. இந்த ஒரு கம்பெனி மட்டும் வேண்டாம்" என்று ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைச் சொன்னார் ருக்மணி. பெயரை உங்களிடம் சொல்ல மாட்டேன். அவதூறு வழக்கின் நடைமுறையும் எனக்குத் தெரியும்.

"ஏம்மா, மெசினு ரிப்பேராகுமோ?"

"ஆகவே ஆகாது சார். அதுதான் பிரச்சனை." அவர் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். படம், பெயர், ஒரு நீளமான எண். "எங்க ஊர்ல எல்லாருக்கும் இது உண்டு. இந்த நம்பரோட கடைசிப் பகுதியப் பாத்தா நான் வெள்ளையா, கறுப்பா, இந்தியாக்காரியான்னு தெரிஞ்சுரும். எந்தத் தெருவுல குடியிருக்கலாம், எந்த ஸ்கூல்ல சேரலாம், யாரைக் கல்யாணம் பண்ணலாம், எல்லாம் அதை வச்சுத்தான். எங்க அப்பா கட்டின வீட்ட, இது வெள்ளைக்காரங்க ஏரியான்னு சொல்லி இடிச்சாங்க. அந்த அரசாங்கத்துக்குக் கணக்கு வைக்க மெசினு குடுக்கிறது இந்தக் கம்பெனி. அந்த மெசின என்னால தொட முடியாது சார்."

செயலர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டையும் இத்துணூண்டு அட்டையில அடக்கிப்புட்டானா! அதுக்கென்னம்மா, அந்தக் கம்பெனி நமக்கு வேணாம். சூப்ரண்டு, குறிச்சுக்கங்க."

குறித்துக்கொண்டேன், தலைக்குள். தாளில் நான் எழுதியது: "பணி விதிகள் விளக்கப்பட்டன. ஏற்றுக்கொண்டார்." ருக்மணி செயலரின் வார்த்தையை நம்பி வங்கி வேலையை வேண்டாம் என்று எழுதிப் போட்டார்.

கம்பெனிகளை ஆட்சேபிக்கலாம் என்ற செய்தி ஆசிரியர் அறைக்குப் போனது. ஒரு வாரத்தில் என் மேஜைக்கு ஒன்பது ஆட்சேபணைகள் வந்தன. தமிழ்த் துறை, ஒரு கம்பெனியின் மதுரை ஏஜென்ட் முன்பு சாராயக் கடை எடுத்தவர் என்றது. வணிகவியல் துறை, இன்னொரு கம்பெனி தொழிலாளர்களைக் கதவடைப்புச் செய்தது என்றது. தாவரவியல் துறை, வேறொன்றின் தாய்க் கம்பெனி பூச்சிமருந்து விற்று மண்ணைக் கெடுக்கிறது என்றது. "அந்த மருந்து நம்ம கடையிலதேன் விக்கிது" என்று செயலர் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். உடற்கல்வி ஆசிரியை ஆட்சேபித்த கம்பெனியின் குற்றம், அதன் விற்பனையாளர் அவர் உள்ளே வந்தபோது எழுந்து நிற்காதது.

"அப்பக் கைலாசத்துக்குத்தேன் கொட்டேசன் கேட்டு எழுதணும்" என்றார் செயலர். "அங்கயும் சுடுகாட்டுல ஆடுறவருன்னு எவனாச்சும் ஆட்சேபணை எழுதுவான்."

சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நடந்ததைக் கவனியுங்கள். வீடு இடிந்த காரணமும் எழுந்து நிற்காத காரணமும் ஒரே கட்டில், ஒரே நூலால் கட்டப்பட்டுவிட்டன. ருக்மணியின் காரணத்தை எழுதினால் மற்ற ஒன்பதையும் எழுத வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எதையும் எழுதுவதில்லை என முடிவு செய்தேன். எனக்குத்தான் வித்தை தெரியுமே.

அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் விளம்பரத் தாளை வரவழைத்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: மெஷின் 110 வோல்ட்டில் ஓடும், நம் ஊர் மின்சாரத்துக்கு ஒரு தனி மின்மாற்றிப் பெட்டி வேண்டும். ஒன்பதாவது நிபந்தனை பிறந்தது. "இயந்திரம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக இயங்க வேண்டும். வெளியே தனிப்பெட்டி எதுவும் ஏற்கப்படாது." காரணம் என்ற இடத்தில் "மாணவியரின் பாதுகாப்புக் கருதி" என்று எழுதினேன். பாதுகாப்புக் கருதி எழுதப்பட்ட எதையும் நம் நாட்டில் யாரும் மறுத்ததில்லை.

அந்தக் கம்பெனியின் சென்னை அலுவலகம் கலந்துகொள்ள இயலாமைக்கு வருந்திக் கடிதம் போட்டது. அதை ருக்மணியிடம் காட்டினேன்.

"எப்படி சார் பண்ணீங்க?"

"நடைமுறைம்மா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

விலைப்புள்ளிகள் மூன்று வந்தன. ஒன்று விலை அதிகம். இன்னொன்று கோயம்புத்தூரில் நாலைந்து பேர் சேர்ந்து தாங்களே வடிவமைத்துப் பூட்டிய மெஷின். எந்தப் பாகம் எங்கே வாங்கியது என்ற பட்டியலையும், நாங்கள் கேட்காமலே, இணைத்திருந்தார்கள். ஆனால் மெஷினுக்கு வெளியே ஒரு மின்சாரப் பெட்டி வைத்திருந்தார்கள். ஒன்பதாவது நிபந்தனை, நிராகரித்தேன். மூன்றாவது, சுத்தமான இந்தியப் பெயர் கொண்ட ஒரு கம்பெனி. பழங்காநத்தத்தில் சைக்கிள் கடை மாடியில் அலுவலகம் வைத்திருந்த முருகேசன் அதற்கு ஏஜென்ட். பதினோரு நிபந்தனைகளும் பொருந்தின, விலையும் குறைவு. இரண்டு மெஷினுக்கு ஆர்டர் போட்டோம்.

ஆய்வுக்குழு வர நான்கு நாள் இருக்கும்போது மெஷின்கள் வந்தன. குளிர்சாதனம் வைத்த அறை, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி அறிவிப்பு. செயலர் சந்தனம் வைத்துவிட்டு உரக்கடைக்குப் போனார். ருக்மணி ஒரு திருப்புளியை எடுத்து முதல் மெஷினின் மூடியைக் கழற்றினார். சரிபார்ப்பது அவர் பழக்கம்.

"சார், இங்க வந்து இத வாசிங்க."

உள்ளே பச்சைப் பலகையில் பொடி வெள்ளை எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். அந்தக் கம்பெனியின் பெயர். இரண்டாவது மெஷினிலும் அதே பெயர்.

"அவங்க மெசினுதான் சார். மேல சட்டை மட்டும் வேற."

முருகேசனை வரவழைத்தேன். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்சமும் மறைக்கவில்லை.

"ஆமாண்ணே. உள்ள பூராம் அவங்க சரக்குதேன். நம்மாளுக கொண்டாந்து மூடியப் போட்டு விக்கிறாக. கரண்டுப் பெட்டி வெளியதேன் இருக்கும். ஒங்க ஒம்பதாவது கண்டிசனுக்குன்னே சொல்லி உள்ள மாட்டிக் குடுத்தாகண்ணே."

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே! கேட்டது அம்புட்டும் கரண்டப் பத்தி. அந்தக் கம்பெனி வேணாம்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் கொட்டேசனே போட்டுருக்க மாட்டேன்." ருக்மணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னமோ பெரிய விசயம் போலிருக்கு. எனக்குத் தெரியாதுக்கா."

திருப்பி அனுப்ப எனக்கு ஒரு வழியும் இல்லை. எந்த நிபந்தனையை மீறினார்கள் என்று எழுதுவேன்? நான் எழுதிய பதினொன்றும் நிறைவேறியிருந்தன. ஒன்பதாவது, எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நிறைவேறியிருந்தது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன்.

ருக்மணி அன்றைக்கே விலகியிருக்கலாம். "புள்ளைகளுக்காக வாரேன் சார்" என்றார். "போர்டுல பாடம் எடுக்கிறேன். மெசினத் தொட மாட்டேன்."

ஆய்வுக்குழு வந்தபோது நாற்பது பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ருக்மணி கரும்பலகையில் ஒரு நிரலை எழுதி, வரிவரியாக அவர்களையே மெஷினாக நினைத்துக்கொள்ளச் சொல்லி ஓட்டிக் காட்டினார். குழுவில் வயதானவர் மெஷினைப் பார்த்து, "ஓடுதா?" என்றார். ருக்மணி அசையவில்லை. நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன். எந்தச் சுவிட்ச் என்று முருகேசனிடம் கேட்டு வைத்திருந்தேன். திரையில் பச்சை எழுத்து வந்தது. "ஓடுது" என்று குறித்துக்கொண்டார். படிவத்தில் இரண்டு கேள்விகள்தான். கம்ப்யூட்டர் உள்ளதா? உள்ளது. ஆசிரியர் உள்ளாரா? உள்ளார். இரண்டும் பேசிக்கொள்கின்றனவா என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை. அனுமதி வந்தது.

அடுத்த மாதம் செயலர் கூப்பிட்டார். "அந்தப் புள்ளைக எத்தன நாளைக்குப் போர்டையே பாத்துக்கிட்டு இருக்கும்? ரெண்டு மெசினும் சும்மா கெடக்கு. பெத்தவுக கேக்குறாக." கேள்வி நியாயமானது. "அந்தம்மாவுக்கு ஒரு மெமோ போடுங்க. வேலை செய்ய மறுக்கிறாகன்னு. தகுதிகாண் காலம்தான? நிறுத்திப்புட்டு வேற ஆளப் பாப்போம், அம்புட்டுத்தேன்."

"அந்தக் கம்பெனி வேணாம்னு அவங்க சொன்னப்ப நீங்க சரின்னு சொன்னீங்களேய்யா."

"சொன்னேன். எங்க எழுதியிருக்கு?" அவர் மிரட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். "எழுதியிருந்தாக் காட்டுங்க, விட்டுர்றேன்."

என் இருக்கைக்கு வந்து மெமோவைத் தட்டச்சு செய்தேன். நல்ல மெமோ. எந்த நீதிமன்றத்திலும் நிற்கும். ருக்மணி வங்கி வேலையையும் விட்டுவிட்டார். இதுவும் போனால் அவருடைய பணிப்பதிவில் "வேலை செய்ய மறுத்தவர்" என்ற வரி மட்டும் மிஞ்சும். அந்த வரியைத் தேர்ந்தெடுத்த கையும் என்னுடையது.

ஒரு சுலபமான வழி இருந்தது. நேர்காணல் தேதியிட்டு ஒரு தாள் தயாரித்து, பதினான்காம் பக்கத்துக்குப் பின் பதினான்கு ஏ என்று செருகிவிடலாம். அப்படிச் செருகியதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் அந்தக் கல்லூரியில் நான் ஒருவன்தான். கையில் தாளை எடுத்தும்விட்டேன். பிறகு வைத்துவிட்டேன். நேர்மை பொங்கிவிட்டதாக நினைக்காதீர்கள். என் பொய்த்தாளில் அவருடைய உண்மையை ஏற்றி வைத்தால், என்றைக்காவது தாளைச் சந்தேகிப்பவன் அவரையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பான் என்று தோன்றியது. அது கணக்குத்தான்.

அன்றைய தேதியையே போட்டு ஒரு குறிப்பு எழுதினேன். ஒன்பதாவது நிபந்தனை மாணவியரின் பாதுகாப்புக்காக எழுதப்பட்டதல்ல. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தை விலக்க என்னால் எழுதப்பட்டது. அந்த நிறுவனத்தின் இயந்திரத்தை வாங்குவதில்லை எனச் செயலர் பணியேற்பவருக்கு வாக்களித்தார். அதை நேர்காணல் குறிப்பில் பதியாதது என் பிழை. இப்படி நிபந்தனையை வளைத்தது எந்த விதிப்படி குற்றம் என்பதையும் எண்ணோடு குறிப்பிட்டேன். அரைகுறையாக எழுதிப் பழக்கமில்லை.

சம்பந்தப்பட்டவர் என்ற முறையில் ருக்மணியும் கையெழுத்திட வேண்டும். அவர் நின்றுகொண்டே படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார். "பணியேற்பவரின் தனிப்பட்ட உணர்வுகளைக் கருதி" என்று எழுதியிருந்த இடம்.

"இது என்ன சார்? எனக்கு மெசினோட கலர் பிடிக்கலையா?"

"ஆபீஸ்ல அப்படித்தாம்மா எழுதுறது."

"கம்பெனிய மறைச்சு எழுதினீங்க, அதே கம்பெனி உள்ள வந்துச்சு. இப்பக் காரணத்த மறைச்சு எழுதுறீங்க. நாளைக்கு என்ன உள்ள வரும்னு நினைக்கிறீங்க?"

நான் அவரைவிட இருபது வயது மூத்தவன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் தட்டச்சில் வேறு தாள் சொருகினேன். மெமோவுக்குப் பத்து நிமிடம் ஆனது. இந்த ஒரு வாக்கியத்துக்கு அரை மணி நேரம். "மனிதரை இனம் பிரித்து எண் கொடுக்கும் ஓர் அரசுக்கு அந்த நிறுவனம் இயந்திரம் விற்கிறது, அந்த எண் பெற்றவர்களில் ஒருவர் நம் ஆசிரியர், ஆதலால் வேண்டாம்." என் கோப்பு எதிலும் "ஆதலால்" என்ற சொல்லுக்கு முன்னால் அதுவரை உண்மையான காரணம் இருந்ததில்லை. ருக்மணி கையெழுத்திட்டார். நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய இடமும் அதுவல்ல.

மறுநாள் காலை மெமோவையும் குறிப்பையும் உரக்கடைக்கே எடுத்துப் போனேன். செயலர் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து குறிப்பை இரண்டு முறை படித்தார்.

"சூப்ரண்டு, இதுல மொதல்ல உருளுறது ஒங்க தலைதேன், தெரியும்ல?"

"விதி நம்பரே போட்டிருக்கேன்யா."

"அதுதேன் பாத்தேன். வேற எவனும் கண்டுபிடிக்கிற சிரமத்தக்கூட வைக்கல." அந்த நீள வாக்கியத்துக்கு வந்தபோது வாய்விட்டுப் படித்தார். கடையில் உரம் வாங்க வந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "நான் வாக்குக் குடுத்ததும் இதுல இருக்கே."

"குடுத்தீங்கள்லய்யா."

பேனாவை வாங்கினார். பொதுவாக எதை வைத்தாலும் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தச் சொல்லுக்குச் சம்மதம் என்றும் பொருளில்லை, மறுப்பு என்றும் பொருளில்லை. அன்று சற்று யோசித்து, "சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மெமோவை இரண்டாகக் கிழித்தார்.

விதிப்படி எனக்கு எழுத்துமூலக் கண்டனம் வழங்கப்பட்டது. அப்படிப்பட்ட கடிதத்தைப் பிழையில்லாமல் வரையத் தெரிந்தவர் அலுவலகத்தில் வேறு யாரும் இல்லாததால், அதையும் நானே வரைந்தேன். அந்த இரண்டு மெஷின்களும் சம்பளப் பட்டியல் போட என் அறைக்கு வந்தன.

பொங்கலுக்கு முன் மறுபடி விலைப்புள்ளி கேட்டோம். இந்த முறை முதல் நிபந்தனையே அந்த வாக்கியம்தான்; கீழே, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் யாருடையது என்று எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். சிலர் போனில் சிரித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஒருமுறை பொய்க்காரணம் சொல்லி அனுப்பியவனுக்கு அவர்கள் ஏன் பதில் போட வேண்டும்? இரண்டு பேர் மட்டும் பட்டியலோடு எழுதினார்கள். ஒருவர் முருகேசன், வேறொரு கம்பெனி, நான்கு பக்கப் பட்டியல், எல்லாம் அவர் கையெழுத்தில். மூன்று விலைப்புள்ளி இல்லாததற்கு விதிவிலக்குக் கேட்டு எழுதினேன், காரணத்தோடு.

முருகேசனின் மெஷின் வந்த அன்று ருக்மணி மூடியைக் கழற்றி, பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். வாசலில் நாற்பது பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது.

"என்னம்மா?"

"இந்தச் சின்னத் துண்டு யாரு செஞ்சதுன்னு இதுல தெரியல சார். பட்டியல்லயும் 'தெரியவில்லை'ன்னுதான் போட்டிருக்காங்க." முருகேசன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "விசாரிச்சேன்க்கா. சிங்கப்பூர் வரைக்கும் தெரியுது. அதுக்கு அங்கிட்டுத் தெரியல."

ருக்மணி பட்டியலை மடித்து வைத்தார். "எல்லாம் சுத்தம்னு யாரும் சொல்ல முடியாது போல" என்றார். "ஆனா தெரியலைங்கறதத் தெரியலைன்னே எழுதியிருக்காங்க."

மூடியைப் போட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சுவிட்சை அவரே போட்டார்.